முப்பத்தேழு போன்களும் ஒரு கேமராவும்

போன வருஷம் புரட்டாசி மாதம், ஜவ்வாது மலையில் காவலூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊரில் தொடங்கியது இது. ஒரே ஒரு கேமராவை மாட்டப் போய் என் பொறுமையும், ஸ்கூட்டரின் பிரேக்கும், இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த தொழில் கர்வமும் ஒன்றாகத் தேய்ந்து போன கதை.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆலங்காயத்தில் கேமரா கடை. ஏணி ஏறுவது, சுவரில் துளை போடுவது, ஒயர் இழுப்பது எல்லாம் அவர் வேலை. லேப்டாப்பைத் திறந்து நெட்வொர்க் செட்டிங்ஸ் போட்டு, படம் போனில் தெரிகிறவரை உட்கார்ந்து மல்லுக்கட்டுவது என் வேலை. போகிற வீட்டில் எல்லாம் சந்தேகத்தை அவரிடம்தான் கேட்பார்கள். அவர் டிரில்லிங் மெஷினைப் பிடித்தபடியே என் பக்கம் தலையைக் காட்டுவார். "நான் ஏணி ஆளுங்க. நம்பர் சமாச்சாரம்லாம் அவங்க." எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தாள். மலையில் அவள் அம்மா தனியாக இருக்கிறார். அப்பா இல்லை. அம்மாவுக்கு அவ்வப்போது வலிப்பு வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஓசூருக்கு வந்துவிடு என்றால், சாமைக் கொல்லையையும் மாட்டையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாராம். அதற்கு முந்தின வருஷம் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து மணிக்கட்டு வெந்துவிட்டது. "நல்ல வேளையா வாசல்ல யாரோ உட்கார்ந்திருந்தாங்க அக்கா, உடனே தூக்கிட்டாங்க" என்றாள். இந்தக் கடைசி வரியை நான் காதில் வாங்கவே இல்லை. அடுப்பும் வாசலும் தெரிகிற மாதிரி ஒரு கேமரா வேண்டும், அவள் எங்கே இருந்தாலும் போனில் பார்க்க வேண்டும். அவ்வளவுதானே, ஒரு மணி நேர வேலை என்றேன்.

காவலூரில் வானத்தைப் பார்க்கிற அந்தப் பெரிய தொலைநோக்கி இருக்கும் இடத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் என் போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் ஒன்றுமே இல்லை. கோள்களைப் பார்த்துவிடலாம், ஆலங்காயத்துக்கு ஒரு போன் போட முடியாது என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி, சரியான இடத்தில், சரியான பக்கம் திரும்பி நின்றால் ஒரு கோடு கிடைக்குமாம். மற்றபடி ஊருக்கு இருந்த ஒரே வசதி, இந்தப் பெண் அம்மாவுக்காக கேபிள்காரரிடம் சொல்லி இழுத்திருந்த வைஃபை மட்டும்தான்.

அந்த வீட்டு வாசலில் நாங்கள் வண்டியை நிறுத்தியபோது, ஏதோ விசேஷம் போலிருக்கிறது, தப்பான நேரத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்தேன். பலா மரத்தடியில் ஏழெட்டுப் பேர். எல்லோர் கையிலும் போன். ஒரு பெண் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருக்கிற புருஷனுடன் வீடியோவில் பேசியபடியே மடியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த மொச்சை இந்த வீட்டு மொச்சை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவர் பாட்டுப் போட்டுவிட்டு விறகு பிளந்துகொண்டிருந்தார். கதவில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் வைஃபை பாஸ்வேர்டு. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது இன்னாம்மா, கதவுல எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கேட்டது அவருக்கு விளங்கவில்லை என்று தெரிந்தது. "வர்றவங்க கேக்கறாங்க, எனக்கு அந்த இங்கிலீசு சொல்லத் தெரியாது. அதான் பொண்ணு எழுதி வெச்சிட்டுப் போச்சு" என்றார். "யாரா இருந்தாலும் குடுத்துடுவீங்களா?" என்றதற்கு, "தண்ணி கேட்டா இல்லன்னு சொல்வமா?" என்று சொல்லிவிட்டு எங்களுக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

சரி, அவர்கள் வீடு, அவர்கள் வைஃபை, எனக்கென்ன என்று வேலையைப் பார்த்தேன். இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வைஃபை பெட்டியை நாங்கள் ரூட்டர் என்போம். அதில் வந்து சேருகிற ஒவ்வொரு போனுக்கும் அது தானாகவே ஒரு எண் கொடுக்கும். பஸ்ஸில் சீட் நம்பர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு மட்டும் நாங்கள் கையால் ஒரு எண்ணை நிரந்தரமாகப் போட்டுவிடுவோம். அது மாறாமல் இருந்தால்தான் எங்களுக்கு வசதி. என் பழக்கம், எந்த வீடாக இருந்தாலும் பத்து. மூன்று பேர், நான்கு பேர் இருக்கிற வீட்டில் ரூட்டர் ஆறு ஏழுக்கு மேல் எண்ணிக் கொடுக்கவே போவதில்லை. பத்தாம் நம்பர் சீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். இதுவரை ஒரு வீட்டிலும் தகராறு வந்ததில்லை.

அடுப்பு வீட்டை ஒட்டிய சார்ப்பில் இருந்தது. அதுவரை ஒயர் இழுத்துவிடட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். வைஃபையிலேயே ஓடும், எதுக்கு வீண் வேலை என்றேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஓசூரில் இருந்த பெண் போனில் அம்மாவைப் பார்த்துவிட்டு, "அக்கா, அம்மா கஞ்சி கிண்டறது தெரியுது" என்று அழுதாள். பெருமையாக மலை இறங்கினோம்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன். "அக்கா, கேமரா ஆஃப்லைன்னு வருது."

பத்து மணிக்குக் கடையைத் திறந்து, இருந்த வேலையை முடித்து, மத்தியானம் தனியாகவே ஸ்கூட்டரில் மலை ஏறினேன். போய்ப் பார்த்தால் கேமரா அழகாக வேலை செய்கிறது. என் போனில் படம் தெரிகிறது. ஓசூரிலும் தெரிகிறது. ஆஃப்லைன் ஆனதற்கான தடயமே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கைப் பார்த்தேன், போன் சார்ஜர் வேறு அங்கேயே தொங்கியது. யாரோ சார்ஜ் போட பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். "அம்மா, இதை யாரும் தொடக்கூடாது, புரியுதுங்களா? நான் அவ்ளோ தூரத்துலருந்து வர்றேன்" என்று கொஞ்சம் கறாராகவே சொன்னேன். "யாரும் தொடலீங்களே" என்றார் மெதுவாக. நான் நம்பவில்லை.

இரண்டு நாள் போனது. மறுபடி காலை ஏழு மணி. மறுபடி ஆஃப்லைன். மறுபடி மத்தியானம் மலை. மறுபடி நான் போய் நின்றால் கேமரா ஒழுங்குப் பிள்ளையாக வேலை செய்கிறது. பல்வலி டாக்டரைப் பார்த்ததும் நின்றுவிடுவதைப் போல. இந்தத் தடவை அந்த அம்மா பிளக்கைச் சுற்றிப் பழைய புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டு போட்டு வைத்திருந்தார். யாரும் தொடவில்லை என்று எனக்கு நிரூபிப்பதற்காக. எனக்கு அப்போதே வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேமராதான் பழுது என்று அதைக் கழற்றிப் புதுசு மாட்டினேன். அதற்கும் அதே செட்டிங்ஸ், அதே பத்து.

புதுசு இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை.

"இன்னாதான் பிரச்சனைன்னு கண்டுபுடிக்கத் தெரியலன்னா சொல்லிடு, வேற ஆளைப் பாக்கச் சொல்லிடலாம்" என்றார் வீட்டுக்காரர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போட்ட விதத்தில் அவருக்கே புரிந்திருக்கும். அடுத்த நாள் விடிந்ததும் கிளம்பினேன். ஆஃப்லைன் ஆகிற நேரத்திலேயே போய் நின்று அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஒரு வெறி.

ஏழு மணிக்கு அந்த வாசலில் கால் வைக்க இடமில்லை. கொல்லைக்கு, அதாவது வயல் வேலைக்கு, போவதற்கு முன்னால் ஊரே அங்கேதான் இருந்தது. லேப்டாப்பைத் திறந்து ரூட்டருக்குள் போய், யார் யாரெல்லாம் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. வாசலில் இருப்பவர்கள், எதிர் வீட்டில் இருப்பவர்கள், சற்று முன் வந்துவிட்டுப் போனவர்கள் என்று மொத்தம் முப்பத்தேழு போன்கள். ரூட்டர் தன் கடமைக்கு வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே போய், பத்தாம் எண்ணையும் எடுத்து யாரோ ஒருவர் போனுக்குக் கொடுத்திருந்தது. ஒரே சீட்டுக்கு இரண்டு பேர். போன் உள்ளே வந்தால் கேமரா வெளியே. மத்தியானம் எல்லோரும் கொல்லைக்குப் போனதும் சீட் காலியாகி, கேமரா உட்கார்ந்துகொள்ளும். நானும் அந்த நேரம் பார்த்துத்தான் போய் நின்றிருக்கிறேன்.

தப்பு என்னுடையது. பிளக்கும் கேமராவும் அந்த அம்மாவும் ஒரு பாவமும் செய்யவில்லை. கேமராவின் எண்ணை இருநூறு என்று மாற்றி, அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று ரூட்டருக்குச் சொல்லிவிட்டால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை, செய்தேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இறங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டு தடவை வெட்டியாக மலை ஏறி இறங்கிய ஆத்திரம், என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம், அதை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டுமே. எண்ணை மாற்றிய பிறகும் படம் விட்டுவிட்டு வந்தது. இத்தனை பேர் வீடியோ பார்த்தால் கேமராவுக்கு எங்கே லைன் மிஞ்சும்? போதாக்குறைக்கு மரத்தடியில் ஒருவர் சத்தமாக ஏதோ சண்டைக் காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஓசூர் பெண்ணை அந்த வைஃபையிலேயே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, பாஸ்வேர்டை மாற்றப் போகிறேன் என்றேன். அவள் தயங்கினாள். "அம்மாவுக்குத்தான் சங்கடமா இருக்கும் அக்கா."

"உங்க அம்மா முக்கியமா, அவங்க வீடியோ பாக்கறது முக்கியமா?" என்று கேட்டேன். மகளாயிற்றே, சரி என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு மாற்றினேன். புதுப் பாஸ்வேர்டைக் கேமராவுக்கு மட்டும் கொடுத்தேன். இனி ஏதாவது என்றால் மலை ஏறத் தெம்பில்லை என்று, ரூட்டரை ஆலங்காயத்தில் இருந்தே என் போனில் மாற்றுகிற மாதிரியும் ஒரு வசதி செய்துகொண்டேன். கதவில் இருந்த எழுத்தை ஈரத்துணியால் நானே அழித்தேன். அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வந்து கேட்டாங்கன்னா நான் இன்னான்னு சொல்றதுங்க?" என்றார். நெட் போய்விட்டது என்று சொல்லுங்கள் என்றேன். "அது பொய் ஆச்சுதுங்களே" என்றார். வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. படம் கண்ணாடி மாதிரி தெளிவு. சில நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே என் போனில் திறந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வேன். அடுப்பு, சார்ப்பு, சுத்தமான வாசல், பலா மரம். ஒரு ஈ காக்கை கிடையாது. பார்த்தாயா, எவ்வளவு அமைதி என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "வெறிச்சுன்னு கீதே" என்றார். இவருக்கு எதிலும் ஒரு குறை என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்து, மலையில் சாமை அறுப்பு தொடங்கியிருந்த சமயம். ஒரு நாள் காலை ஏழரை மணி இருக்கும், நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓசூர் பெண்ணின் நம்பர். எடுத்ததும் அழுகைதான் கேட்டது. இரவு டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றபடி வழக்கம்போல கேமராவைத் திறந்திருக்கிறாள்.

"அக்கா, அம்மா விழுந்துட்டாங்க அக்கா. அடுப்பாண்ட. யாருக்குமே போன் போவல அக்கா."

என் போனில் திறந்து பார்த்தேன். எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா? அந்தத் தெளிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த அம்மா பக்கவாட்டில் விழுந்து கிடக்கிறார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. அடுப்பில் பானை இருக்கிறது, விறகு வெளியே நீட்டிக்கொண்டு எரிகிறது. புடவைத் தலைப்பு அந்த விறகின் பக்கம் கிடக்கிறது. எவ்வளவு தூரம் இடைவெளி என்று படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சாண் இருக்கலாம். கேமராவில் பேசுகிற வசதி உண்டு. அந்தப் பெண் ஓசூரில் இருந்து அதில் "அம்மா! அம்மா! யாராவது வாங்களேன்!" என்று கத்துவது ஆலங்காயத்தில் என் காதுக்குக் கேட்கிறது. ஒரு கோழி பயந்து ஓடியது. அந்தச் சின்ன ஸ்பீக்கர் சத்தம் வாசலைத் தாண்டாது, வாசலிலோ யாரும் இல்லை.

ஏழரை மணி. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் என்றால் கால் வைக்க இடமில்லாத வாசல் அது.

நான்கு பேர் நம்பர் அவளிடம் இருந்தது. நான்கும் தொடர்பு எல்லைக்கு வெளியே. இருக்காதா பின்னே? அந்த ஊரில் போன் அடிக்க வேண்டுமென்றால் இருந்த ஒரே வழியை நான்தானே ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தேன். நான் வண்டியை எடுத்தால் போய்ச் சேர முக்கால் மணி நேரம். காவலூரில் யாரையாவது பிடித்து அனுப்பினாலும் அரை மணி.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பழைய பாஸ்வேர்டு எல்லோர் போனிலும் இன்னும் இருக்கும். அதை யாரும் அழித்திருக்க மாட்டார்கள். இங்கிருந்தே ரூட்டரில் பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டுவிட்டால், பக்கத்தில் இருக்கிற போன்கள் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். எதிர் வீடு வரை வைஃபை எட்டும், அது எனக்குத் தெரியும். ஒட்டிக்கொண்டால் வாட்ஸ்அப்பில் அடிக்கலாம்.

ஆனால் ஒன்று. கேமராவில் இருப்பது புதுப் பாஸ்வேர்டு. பழையதைப் போட்ட நொடியில் கேமரா அறுந்துவிடும். படம் போய்விடும். அந்த அம்மாவை எங்கள் இரண்டு பேராலும் பார்க்க முடியாது. தலைப்பில் நெருப்புப் பிடித்தாலும் தெரியாது. என் விரல் அந்தப் பொத்தானுக்கு மேல் நின்றுவிட்டது. இதை நானாக முடிவு செய்ய எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அவளிடம் சொன்னேன். கேமரா போயிடும்மா, அம்மா தெரிய மாட்டாங்க, என்ன செய்யட்டும் என்றேன்.

"பாத்துகினு இருந்து நான் இன்னாக்கா பண்ணப் போறேன்? மாத்துங்க."

மாற்றினேன். படம் அப்படியே உறைந்து, பிறகு கறுப்பாகி, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ரூட்டரில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டேன். பூஜ்யம். அன்றைக்கு எந்தப் பட்டியலைப் பார்த்து வயிறு எரிந்தேனோ, அதே பட்டியலைத்தான் இப்போது ஒரே ஒரு பேராவது வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம். இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றிக் கருகுகிற வாசனை வந்தது. வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். பூஜ்யம். நான் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனால் அன்றைக்கு எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. வா, வா, யாராவது வா என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒன்று.

ஏதோ ஒரு கம்பெனிப் பெயரும் நாலைந்து எண்ணும். யாருடையது என்று தெரியாது. "அடி! எல்லாருக்கும் அடி!" என்று கத்தினேன். அவள் அடித்தாள். எதிர் வீட்டுப் பெண்ணின் போன் அது என்பது பிறகுதான் தெரிந்தது. பத்து நாளாகச் செத்துக் கிடந்த போனை வெளிச்சத்துக்கும் பாட்டுக்கும் ஆகுமே என்று ஜன்னலில் சார்ஜ் போட்டிருக்கிறாள். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது திடீரென்று கத்தியதும் ஒன்றும் புரியவில்லையாம்.

பட்டியலில் இரண்டு ஆனது. மூன்று. போனை யாராவது எடுத்தார்களா, ஓடினார்களா, அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஓசூர் லைனும் அறுந்துவிட்டது. நான்கு, ஐந்து என்று எண்கள் மட்டும் ஏறின. கொல்லைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். போகிற போகிற போன்கள் எல்லாம் உயிர் பெற்று அடித்திருக்கின்றன. நான்கு நிமிடம் இருக்கும். பதினொன்று என்று காட்டியபோது அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"தூக்கிட்டாங்க அக்கா."

நான் அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர் வீட்டுப் பெண் முறத்தை வைக்கக்கூட நேரமில்லாமல் கையோடு ஓடியிருக்கிறாள். தலைப்பின் ஓரம் கருகிவிட்டிருந்ததாம். முறத்தாலேயே அடித்து அணைத்து, அந்த அம்மாவை இழுத்து வெளியே போட்டிருக்கிறாள். அடுத்தடுத்து வந்தவர்கள் சேர்ந்து வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். நினைவு வந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, கஞ்சி பொங்கிடுச்சா என்பதுதானாம்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே நான் மலை ஏறினேன். அந்த அம்மா வீட்டுக்கு வந்திருந்தார், நன்றாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். அவர் முகத்தில் என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வாசலில் எதிர் வீட்டுப் பெண் இருந்தாள், கேரளாவுக்குப் புருஷனை அனுப்பிவிட்டு மொச்சை உரித்தவள் அவள்தான். இத்தனை நாள் புருஷனுடன் பேச, பொழுது சாயும் நேரத்தில் பாறை ஏறியிருக்கிறாள்.

பாஸ்வேர்டை மாற்றியது நான்தான், இந்த அம்மா மேல் தப்பில்லை என்று அவளிடம் சொன்னேன். "தெரியுங்க" என்றாள். "மொத நாளே தெரிஞ்சுபோச்சு. கதவுல அழிச்சிருந்துச்சு இல்ல? வந்து நின்னா கேக்கணும், கேட்டா அவங்களுக்குச் சொல்லவும் முடியாம மறைக்கவும் முடியாம சங்கடம். அதான் நாங்களே வரலீங்க."

பாஸ்வேர்டை மறைத்தால் கூட்டம் சண்டைக்கு வரும், திட்டும், கெஞ்சும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு பெண்மணிக்குப் பொய் சொல்லும்படி ஆகிவிடக்கூடாதே என்று ஒரு ஊரே ஒதுங்கிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை. விறகு பிளந்தது, மொச்சை உரித்தது, தண்ணீர் தூக்கி வைத்தது எல்லாம் வைஃபைக்குக் கூலி என்று நினைத்திருந்தேன். அவர்கள் யாரும் அப்படி நினைத்திருக்கவே இல்லை. ஒருத்தர் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். முன்பு மணிக்கட்டு வெந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்து தூக்கிய "யாரோ" யார் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். சண்டைக் காட்சியைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவர்தான்.

லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ரூட்டரில் தனித்தனிப் பாஸ்வேர்டோடு இரண்டு வைஃபை பெயர் வைக்கலாம். ஒன்று கேமராவுக்கு மட்டும், இன்னொன்று ஊருக்கு. கேமராவுக்கு வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தை மற்றவர்களுக்குப் பங்கு போடு என்றும் சொல்லலாம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாம். தெரியாமல் இல்லை, தெரியும். இந்தக் கூட்டத்துக்காக நான் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று இருந்துவிட்டேன். பிறகு எதிர் வீட்டுப் பெண்ணிடம் சாக்பீஸ் வாங்கி, அழித்த இடத்திலேயே பழைய பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். "இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க, தூரத்துலருந்து தெரியட்டும்" என்றார் அந்த அம்மா.

கேமரா இன்றைக்கும் அங்கே இருக்கிறது, இருநூறாம் எண்ணில். படம் பழைய மாதிரி கண்ணாடித் தெளிவெல்லாம் இல்லை. காலையில் ஏழு மணிக்குத் திறந்தால் அடுப்பு பாதி மறைந்திருக்கும், யாராவது ஒருத்தர் முதுகு குறுக்கே தெரியும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இப்பதான் நல்லா கீது" என்பார். நான் இப்போது போனைப் பிடுங்குவதில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டில் கேமரா மாட்டப் போனாலும், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால், "இந்த வூட்டுக்கு யார் யார் வந்து போவாங்க?" என்று கேட்டுக்கொள்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பூஜ்யம் என்று காட்டிய அந்தப் பட்டியலுக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால், அவர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.